பேர்க்கணக்கும் நியாயக்கணக்கும்: மலையகத்தில் சம்பளத்தை அளக்கும் முறை

1. பொருளும் சொற்களும்

தாம் செய்யும் வேலைக்கும் தாம் வாழும் இடத்துக்கும் ஏற்ற சம்பளம் தமக்குக் கிடைக்கிறதா என்று ஒருவர் கேட்கும்போது, அக்கேள்வி பெரும்பாலும் மனத்தாங்கலாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே அதற்குக் கிடைக்கும் பதிலும் ஆறுதலாகவோ அதட்டலாகவோ முடிந்துவிடுகிறது. உண்மையில் அது கணக்கிட்டு விடை காணக்கூடிய கேள்வி. அதற்கு வேண்டிய எண்கள் பலவும் அரசிதழ்களிலும் சம்பளச் சீட்டுகளிலும் கடைத்தெருவிலும் கிடக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது, எதனோடு எதை ஒப்பிடுவது என்பதே தெளிவாக வேண்டியுள்ளது. மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் உள்ள நல்லதண்ணியையும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் நிலைக்களமாகக் கொண்டு அந்த முறையை வகுத்துக் காட்டுவது இவ்வுரையின் நோக்கம்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் என்பது அதற்குக் கீழே கொடுப்பது குற்றம் என்று சட்டம் இட்ட எல்லை. வாழ்வூதியம் என்பது உழைப்பவரும் அவரை நம்பியவர்களும் உணவு, உடை, உறையுள், கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு, எதிர்பாராச் செலவுக்குச் சிறிது கையிருப்பும் கொண்டு மானத்தோடு வாழப் போதுமான தொகை. இவ்விரண்டுக்கும் நடுவே அமைவது நியாயச் சம்பளம். இந்தியாவில் 1948 இல் அமைக்கப்பட்ட நியாய ஊதியக் குழு இந்த மூன்றையும் படிகளாகப் பிரித்துக் காட்டியது. நியாயச் சம்பளத்தின் கீழெல்லை குறைந்தபட்சச் சம்பளம் என்றும், மேலெல்லையை அத்தொழிலின் கொடுக்கும் திறனே தீர்மானிக்கும் என்றும், இரண்டுக்கும் இடையில் அது எங்கே நிற்கவேண்டும் என்பதை உழைப்பின் பயன், அதே வட்டாரத்திலும் அண்டை வட்டாரத்திலும் நிலவும் சம்பளம், நாட்டு வருமானத்தின் அளவு, அத்தொழிலுக்குப் பொருளாதாரத்தில் உள்ள இடம் ஆகியவை கொண்டு முடிவுசெய்ய வேண்டும் என்றும் அக்குழு கூறியது. இலங்கை 1975 இல் ஏற்ற சர்வதேசத் தொழில் அமைப்பின் 131 ஆம் இலக்கச் சமவாயமும், குறைந்தபட்சச் சம்பளம் வகுக்கும்போது தொழிலாளியும் குடும்பமும் வாழத் தேவையானவற்றை ஒரு பக்கமும், உற்பத்தித்திறன் முதலிய பொருளாதாரக் காரணிகளை மறுபக்கமும் வைத்து நோக்கச் சொல்கிறது. ஆகவே தேவை, உழைப்பு, இடம், தொழிலின் இயலுமை ஆகிய நான்கும் சேர்ந்தே நியாயத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிக்கும் வாதம் எதுவாயினும் அது அரைக்கணக்கே.

2. பேர் எனும் அலகு

தோட்டத்தில் சம்பளத்தின் அலகு ரூபாவும் அன்று, மாதமும் அன்று, பேர். காலையில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு வந்து, ஒதுக்கிய மலையில் வேலை செய்து, அன்றைக்கு விதித்த கிலோவைப் பறித்து முடித்தவருக்கு செக்றோல் எனும் சம்பளப் பதிவேட்டில் ஒரு பேர் விழுகிறது. விதித்த நிறை வராவிட்டால் அது அரைப் பேராகிவிடக்கூடும். அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் எவ்வளவாயினும் அது பேர் விழுந்த நாளுக்கு மட்டுமே உரியது என்பதால், நாட்சம்பளத்தைக் கேட்டு மட்டும் ஒருவரின் வருமானத்தை அறிய முடியாது. எத்தனை நாள் வேலை கொடுக்கப்பட்டது, அவற்றுள் எத்தனை நாள் முழுப் பேராக எழுதப்பட்டது என்ற இரண்டும் தெரிந்தால்தான் கணக்குத் தொடங்குகிறது.

பறித்த கொழுந்தின் நிறையிலிருந்து ஈரத்துக்கெனவும் சாக்குக்கெனவும் கழிக்கும் வழக்கம் இவ்விடத்தில் தனிக் கவனத்துக்குரியது. நல்லதண்ணி மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மழை விடாது பெய்யும் பகுதி இது. படங்கு கட்டி மழையில் நனைந்து பறிப்பவரின் கொழுந்தும் நனைந்தே இருக்கும். 20 கிலோ பறித்தவருக்கு 2 கிலோ கழிந்தால் மீதி 18. நாளுக்குரிய அளவு 18 என்றால் முழுப் பேர் தப்பியது, 19 அல்லது 20 என்றால் அது கைநழுவியது. நிறையில் கழியும் ஒவ்வொரு கிலோவும் சம்பளத்தில் கழியும் ஒரு தொகை என்பதால், தராசில் நடப்பதும் சம்பளக் கணக்கின் ஒரு பகுதியே.

ஆண்டின் பருவங்களும் இந்த அலகை ஏற்றி இறக்குகின்றன. மேற்குச் சரிவில் சனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட குளிர்காலத்தில் கொழுந்து குறைந்து, சுவையும் மணமும் கூடிய தேயிலை உருவாகிறது. கொழும்பு ஏலத்தில் இப்பகுதித் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் அது. செடியில் கொழுந்து குறைவாக இருப்பதால் விதித்த நிறையை எட்டுவது கடினமாகும் காலமும் அதுவே. கிலோக் கணக்கு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், தேயிலை அதிக விலை போகும் மாதங்களில் அதைப் பறித்தவரின் கைக்குக் குறைவாகச் சேர்கிறது என்ற முரண் தோன்றுகிறது. உழைப்பின் பயனை நிறையால் மட்டும் அளப்பது போதாது என்பதற்கு இப்பகுதியே சான்று.

ஆடம் சிமித் 1776 இல் வெளியிட்ட நாடுகளின் செல்வம் பற்றிய நூலில், தொழிலுக்குத் தொழில் சம்பளம் வேறுபடுவதற்கான ஐந்து காரணங்களைப் பிரித்துக் காட்டுகிறார். அவற்றுள் ஒன்று வேலை இடையறாது கிடைக்கிறதா என்பது. கடும் பனியிலும் மழையிலும் கட்டட வேலை நின்றுவிடுவதால், கொத்தனாரின் நாட்கூலி வேலையற்ற நாட்களையும் தாங்கும் அளவுக்கு உயர்வாக இருக்க வேண்டியுள்ளது என்பது அவர் தரும் விளக்கம். மழையும் வறட்சியும் வேலை நாட்களைத் தின்னும் மலையகத்துக்கு இவ்விளக்கம் அப்படியே பொருந்துகிறது: நிலையற்ற வேலைக்கு நாட்சம்பளம் உயர்ந்திருப்பதே நியாயம், அல்லது நாட்கள் உறுதியாக வழங்கப்பட வேண்டும்.

3. இடம் கூட்டுமா, குறைக்குமா

மலையில் வாழ்வதற்குச் செலவு குறைவு, வீட்டுக்கு வாடகை இல்லை, விறகு கிடைக்கும், ஆகவே அங்கே சம்பளம் குறைந்திருப்பதில் தவறில்லை என்ற எண்ணம் நகரத்தில் பரவலாக உள்ளது. இவ்வெண்ணத்தை இலங்கையின் சட்ட வரலாறே மறுக்கிறது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் முதன்முதலில் வகுக்கப்பட்ட நாட்சம்பளம் உயரத்துக்கேற்ப வேறுபட்டது. தாழ்நாட்டில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40, சிறாருக்கு 30. இடைநாட்டில் முறையே 52, 41, 31. மலைநாட்டில் 54, 43, 32. உயரம் கூடக் கூடச் சம்பளமும் சில சதங்கள் கூடியது. குளிருக்குக் கம்பளி வேண்டும், அரிசியைத் தொலைவிலிருந்து ஏற்றிவர வேண்டும், மலையில் வாழ்க்கைச் செலவு மிகுதி என்பதைக் காலனிய ஆட்சியும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்த அந்த ஏற்பாடே ஒப்புக்கொண்டிருந்தது. தொகை அற்பமானது, ஆனால் இடம் சம்பளத்தைக் கூட்டும் காரணம் என்ற நெறி அதில் எழுத்தில் நின்றது.

இன்றும் இடத்துக்கு இடம் செலவு வேறுபடுவதை அரசே அளந்து வெளியிடுகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வறுமைக்கோட்டை, அதாவது ஒருவர் தம் அடிப்படைத் தேவைகளை நிறைவேற்ற மாதம் ஒன்றுக்கு வேண்டிய குறைந்த தொகையை, மாவட்டவாரியாகக் கணித்து வருகிறது. கொழும்பு மாவட்டத்தின் தொகை உயர்ந்தும் மொனராகலை மாவட்டத்தின் தொகை தாழ்ந்தும் காணப்படுகின்றன. இவ்வேறுபாட்டைச் சம்பள நிர்ணய சபை கணக்கில் எடுப்பதில்லை. இந்தச் சபை 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தொழிலாளர், முதலாளிமார், அரசு நியமித்தோர் ஆகிய முத்தரப்பினரையும் கொண்டு தொழில்தோறும் அமைக்கப்படுவது. அது விதிக்கும் தேயிலைச் சம்பளம் தாழ்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் ஒன்றே.

நல்லதண்ணியின் இடச்செலவை மாவட்டக் கணக்கும் முழுமையாகப் பிடித்துக்காட்டாது. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் நாடெங்கிலுமிருந்து யாத்திரிகர் இவ்வழியே மலையேறுகின்றனர். கடைத்தெரு அவர்களின் பைக்கு ஏற்ப அமைவதால், அங்கேயே ஆண்டு முழுதும் வாழ்பவரும் அந்தச் சந்தையிலேயே பொருள் வாங்க நேர்கிறது. மறுபுறம், பருவகாலத்தில் கடைகளில் உதவியாளராகவும் சுமை தூக்குபவராகவும் சில்லறை வியாபாரியாகவும் வேலை கிடைப்பதால், தோட்டத்துக்கு வெளியே உழைப்புக்கு என்ன விலை என்பதை இவ்வூரார் கண்ணெதிரே காண்கின்றனர். வங்கி அலுவலுக்கும் பெரிய கடைக்கும் மஸ்கெலியாவுக்கோ ஹற்றனுக்கோ போகவேண்டும். கடும் நோய்க்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை வரை போகவேண்டும். அத்தகைய பயணம் ஒவ்வொன்றும் பஸ் கட்டணத்தோடு ஒரு பேரையும் விழுங்குகிறது. பயணச் செலவோடு இழந்த நாட்சம்பளத்தையும் கூட்டிப் பார்க்கும்போதே தொலைவின் உண்மையான விலை தெரிகிறது.

இடத்தைப் பற்றிய ஆராய்ச்சி இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. அண்டை வட்டாரத்தில் கூடுதல் சம்பளம் உண்டு என்பது தெரிந்தாலும், அங்கே போக முடிந்தவருக்குத்தான் அந்த அறிவு பயன்படும். கங்காணி எனும் ஆள்சேர்ப்பவர் வழியே வேலைக்கு எடுத்த பழைய முறையில், தொழிலாளி பட்ட கடனை எழுதிய துண்டு என்னும் சீட்டு அவரை ஒரு தோட்டத்தோடு கட்டிவைத்தது. அக்கடனை வேறொரு தோட்டம் ஏற்றாலன்றி அவர் இடம்மாற முடியவில்லை. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் லயம் எனும் தோட்ட வரிசைவீட்டின் காம்பராவில் குடியிருக்கும் உரிமை தோட்ட வேலையோடு பிணைந்திருக்கும் வரை, வேலையை விடுவது வீட்டை விடுவதாகிவிடக்கூடும் என்ற அச்சம் நீடிக்கிறது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போடவேண்டும் என்று குடும்பங்கள் முடிவுசெய்வதன் காரணம் இதுவே. சம்பளத்துடன் வீட்டைச் சேர்த்துப் பெறுமதி காட்டும்போது, அந்த வீடு வாங்கவோ விற்கவோ விரும்பியபடி விட்டுப்போகவோ முடியாதது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். பொருளாகக் கொடுக்கப்படும் சம்பளப் பகுதிக்கு இடும் மதிப்பு நியாயமானதாக இருக்கவேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் 95 ஆம் இலக்கச் சமவாயம் வற்புறுத்துவது இத்தகைய நிலையைக் கருதியே.

4. ஆயிரம் ரூபாவின் பாதை

1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் 16 சத நாட்சம்பள உயர்வு கேட்டு எழுந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதற்கு முன்பே, 1931 இல், கோ. நடேசய்யர் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் நிறுவியிருந்தார். 1948 இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது, அவர்கள் வாக்கையும் அதன்வழிப் பேரம்பேசும் வலுவில் பெரும்பகுதியையும் இழந்தனர். சம்பளத்தின் அளவைச் சந்தை மட்டும் தீர்மானித்ததில்லை, கேட்பவருக்கு எவ்வளவு குரல் இருந்தது என்பதும் தீர்மானித்தது என்பதே இந்நிகழ்ச்சிகளால் பெறப்படுவது.

1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின், இலங்கை முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமே சம்பளத்தை வகுத்தது. 2016 ஒக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தம் 730 ரூபா என்று அறிவிக்கப்பட்டாலும், அதில் அடிப்படைச் சம்பளம் 500. எஞ்சியவை வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. 2019 சனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ஆகவும் விலைப்பங்கு 50 ஆகவும் அமைந்தன. பல ஆண்டுகள் முழங்கிய ஆயிரம் ரூபாக் கோரிக்கை, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியே அடிப்படை 900, வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100 என்ற வடிவில் நிறைவேறியது. 2024 மே தினத்தை ஒட்டி 1,700 ரூபாவுக்கான அரசிதழ் வெளியாகி, கம்பனிகள் நீதிமன்றம் சென்றதால் அது நின்றுபோக, அதே ஆண்டு செப்டம்பரில் 1,350 ரூபா விதிக்கப்பட்டது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், நாட்சம்பளத்தை 1,550 ஆக்கவும், அரசின் பங்காக 200 ரூபா வருகைக் கொடுப்பனவு சேர்க்கவும் முன்மொழிந்தது.

இத்தொகைகளை ரூபாவின் எண்ணிக்கையாக மட்டும் பார்த்தால் ஏற்றமாகத் தோன்றும். பெயரளவுச் சம்பளம், மெய்ச்சம்பளம் என்ற வேறுபாடு இங்கேதான் தேவைப்படுகிறது: முன்னது கையில் எண்ணிப் பெறும் தொகை; பின்னது அத்தொகையைக் கொண்டு வாங்க முடிந்த பொருளின் அளவு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதத்தையும் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தையும் எட்டின. அந்த ஓராண்டு விலையேற்றத்தை ஈடுசெய்யவே ஆயிரம் ரூபா ஏறத்தாழ 1,700 ஆகியிருக்க வேண்டும். மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் கிடைத்ததோ 1,350, அதாவது 35 வீத உயர்வு. டொலரில் பார்த்தாலும் நிலை மாறவில்லை. 2021 மார்ச்சில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆயிரம் ரூபா 5 டொலருக்குச் சமம். 2024 செப்டம்பரில் டொலர் ஏறத்தாழ 300 ரூபா. 1,350 ரூபா நாலரை டொலர். உண்பதில் பெரும்பகுதியைக் கோதுமை மாவாகவும் அரிசியாகவும் கடையில் வாங்கும் தோட்டக் குடும்பத்துக்கு உணவுப் பணவீக்கமே உண்மையான பணவீக்கம் என்பதால், அதன் இழப்பு நாட்டின் சராசரி இழப்பினும் பெரிது.

5. மாதக் கணக்கு

நாளைவிட்டு மாதத்துக்கு வரும்போது நிலைமை இன்னும் தெளிவாகிறது. 2024 இன் 1,350 ரூபா வீதம் 25 பேர் விழுந்தால் மாதம் 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமாகிய 2,700 கழிந்தபின் 31,050. 18 முழுப் பேரும் 4 அரைப் பேரும் விழுந்தால் 20 நாட்சம்பளம், அதாவது 27,000. நிதிக்குக் கழிந்தபின் 24,840. 15 பேர் மட்டுமே விழுந்த மாதத்தில் 20,250; கழிவுபோக 18,630. ஒரே அரசிதழ், ஒரே தோட்டம், ஒரே வேலை. ஆயினும் முதற்கணக்குக்கும் மூன்றாங்கணக்குக்கும் இடையே 12,420 ரூபா வேறுபாடு. சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம் முதலிய கழிவுகள் இதற்கு மேலே வருவன.

இக்கணக்கை முதலில் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளத்தோடு ஒப்பிடலாம். 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தால் தொடங்கிய அத்தொகை 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ஆகவும் 2026 சனவரியில் 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. 1,350 ரூபாச் சம்பளத்தில் 27,000 ஐ எட்ட 20 முழுப் பேர் வேண்டும்; 1,550 ரூபாச் சம்பளத்தில் 30,000 ஐ எட்டவும் 20 பேர் வேண்டும். நாட்கணக்கில் தேசிய எல்லைக்கு மேலே நிற்கும் தோட்டச் சம்பளம், வேலை நாள் குறைந்த மாதத்தில் அதே எல்லைக்குக் கீழே போய்விடுகிறது என்பது இதனால் விளங்கும்.

அடுத்த ஒப்பீடு குடும்பத் தேவையோடு. 1957 இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 15 ஆவது அமர்வு, உழைப்பவர் ஒருவரின் சம்பளம் மூன்று நுகர்வு அலகுகளைத் தாங்கவேண்டும் என்று வகுத்தது. நுகர்வு அலகு என்பது ஒரு வளர்ந்தவரின் தேவையை ஒன்று எனக் கொண்டு, மற்றவரின் தேவையை அதன் பின்னமாகக் காட்டும் அளவை. அம்மாநாடு மனைவி மக்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காது விட்டது. இலங்கைத் தோட்டங்களில் வழக்கம் இதற்கு நேர்மாறு. 1927 இன் சட்டம் சிறாருக்கும் ஒரு சம்பளம் வகுத்ததே, குடும்பம் முழுவதும் மலைக்கு ஏறும் என்ற எதிர்பார்ப்பின் மேல்தான். பிள்ளைகளின் பேர் செக்றோலிலிருந்து நீங்கிவிட்டது. ஆயினும், வீட்டில் இருவர் உழைக்கிறார்களே என்ற பழைய எதிர்பார்ப்பு, ஒருவரின் சம்பளம் குடும்பத்தைத் தாங்கவேண்டியதில்லை என்ற வாதமாக இன்றும் தொடர்கிறது.

இருவர் உழைப்பதாகவே கொள்ளலாம். 2024 இல் தேசிய வறுமைக்கோடு ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாவுக்கு மேல் இருந்தது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது 64,000 க்கு மேல். கணவனும் மனைவியும் ஆளுக்கு 25 முழுப் பேர் போட்டாலும், ஒரு நாளும் நோயுறாமல், ஒரு நாளும் மழைக்கு ஒதுங்காமல் உழைத்தாலும், சேமலாப நிதி கழிந்தபின் கைக்கு வருவது 62,100. வாடகையில்லாக் காம்பராவின் பெறுமதியையும் நிதியில் சேரும் சேமிப்பையும் இதோடு கூட்டவேண்டும் என்ற மறுப்பு ஏற்கத்தக்கதே. கூட்டினால் அக்குடும்பம் கோட்டைச் சற்றுத் தாண்டி நிற்கும். ஆனால் இருவரின் முழு உழைப்பும் ஒரு குடும்பத்தை வறுமைக்கோட்டின் விளிம்பில்தான் நிறுத்துகிறது என்றால், அச்சம்பளம் வாழ்வூதியத்தை எட்டவில்லை என்பதும், நியாயச் சம்பளத்தின் கீழ்ப்படியில் மட்டுமே நிற்கிறது என்பதும் ஐயமின்றிப் பெறப்படும். 2019 இன் வீட்டு வருமான செலவின ஆய்வில், நாட்டின் வறுமை வீதம் 14.3 ஆக இருக்கத் தோட்டத் துறையில் அது 33.8 ஆக இருந்ததும் இதற்கு இயைந்ததே. அது 2022 இன் விலையேற்றத்துக்கு முந்திய கணக்கு என்பதும் நினைவில் இருத்தற்குரியது.

6. கொடுக்கும் திறன்

கம்பனிகளின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். இலங்கைத் தேயிலையின் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலி, செடிகள் பல பழையவை, சரிவுகள் செங்குத்தானவை, ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் அளவு பிற தேயிலை நாடுகளோடு ஒப்பிடக் குறைவு, ஆகவே உற்பத்தித்திறன் உயராமல் சம்பளம் உயர முடியாது என்பது அதன் சுருக்கம். இவற்றுள் பலவும் உண்மை. ஆனால் செடியை மறுநடுகை செய்வதும் உரமிடுவதும் களை எடுப்பிப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. கொழுந்து பறிப்பவரின் கைவேகம் எவ்வளவு கூடினாலும், வயது முதிர்ந்த செடியில் இல்லாத கொழுந்தைப் பறிக்க முடியாது. உற்பத்தித்திறன் என்ற சொல்லில் நிலத்தின் திறனும் மூலதனத்தின் திறனும் கையின் திறனும் கலந்திருப்பதால், அதன் குறைவு முழுவதையும் கையின் மேல் ஏற்றுவது கணக்குப் பிழை.

ஏறத்தாழ நாலரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகிறது. 20 கிலோக் கொழுந்திலிருந்து 4 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தேயிலை கிடைக்கும். 2024 இல் கொழும்பு ஏலச் சராசரி கிலோ ஒன்றுக்கு 1,200 ரூபாவை அண்டியிருந்தது; ஆகவே ஒருவரின் ஒருநாட் கொழுந்து ஏலத்தில் ஏறத்தாழ 5,000 ரூபாவாகிறது. அவ்வாண்டு செப்டம்பரில் விதிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350. அதோடு கம்பனி செலுத்தும் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர 1,552 ரூபா 50 சதம். எஞ்சிய தொகை முழுவதும் இலாபம் என்று கருதுவது தவறு. கவ்வாத்து வெட்டுவோர், மருந்தடிப்போர், தொழிற்சாலையில் உழைப்போர், உத்தியோகத்தர் ஆகியோரின் சம்பளமும் உரமும் எரிபொருளும் ஏலச் செலவும் அதிலிருந்தே வரவேண்டும். எனினும் இத்தகைய கணக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் வெளிப்படையாக வைக்கப்பட்டால்தான் கொடுக்கும் திறன் என்ற வாதத்தை நம்பவோ மறுக்கவோ முடியும்.

வெளிப்படையான கணக்கு இத்தொழிலில் புதியதும் அன்று. சிற்றுடைமையாளர் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் பச்சைக் கொழுந்துக்கு விலை வகுக்க, விற்பனை வருமானத்தில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கும் 32 பங்கு தொழிற்சாலைக்கும் என்ற சூத்திரம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஏலவிலை ஏறினால் கொழுந்தின் விலையும் ஏறும். அதைக் கேட்டு எவரும் மறியல் செய்ய வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் இதற்கு இணையாக இருந்தது 30 ரூபாவும் பின்னர் 50 ரூபாவுமாக அமைந்த விலைப்பங்கு மட்டுமே. சம்பளம் சபையின் கைக்கு மாறியபின் அதுவும் மறைந்தது. நிலம் உடையவரின் கொழுந்துக்கு ஏலவிலையோடு உறவு உண்டு, நிலமற்றவரின் உழைப்புக்கு அது இல்லை என்ற இந்த வேறுபாட்டுக்குப் பொருளியலில் காரணம் காண்பது கடினம்.

7. அடிப்படையும் பெண்ணும்

சம்பளத்தின் மொத்தத்தை மட்டுமல்லாமல் அதன் அமைப்பையும் நோக்கவேண்டும். சேமலாப நிதியும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை ஒட்டியே கணிக்கப்பட்டு வந்தன. 2016 இன் 730 ரூபாவில் 230 ரூபா கொடுப்பனவாக நின்றதால், அதற்குரிய 20 வீதச் சேமலாபமாகிய 46 ரூபா ஒவ்வொரு பேரிலும் முதுமைக் கணக்கில் சேராது போயிற்று. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் உரியது. 30 ஆண்டு உழைத்தவருக்கு 420 நாட்சம்பளம். 1,350 ரூபா வீதம் 5,67,000. கொடுப்பனவாக நிற்கும் ஒவ்வொரு 200 ரூபாவும் அடிப்படையில் சேர்ந்திருந்தால் அத்தொகையில் மேலும் 84,000 கூடியிருக்கும். இன்றைய செலவுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றினும், நாளைய வாழ்வுக்கு அடிப்படைச் சம்பளமே கணக்கு.

கொழுந்து பறிப்பவருள் பெரும்பாலோர் பெண்கள். 1927 இன் மலைநாட்டுச் சம்பளத்தில் பெண்ணுக்கு ஆணின் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கே கிடைத்தது. சமச்சம்பளம் 1984 இல்தான் வந்தது. சட்டத்தில் சமத்துவம் வந்தபின்னும் நேரத்தில் அது முழுமையடையவில்லை: அளவு வேலையை முடித்துப் பிற்பகலில் ஓயக்கூடிய பணிகள் ஆண்களிடம் செல்ல, மாலை நிறுவை வரை மலையில் நிற்பது பெண்களின் பங்காகிறது. விடியலுக்கு முன் அடுப்பு மூட்டி, குழந்தையைத் தோட்டக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடையோடு மலையேறுபவரின் நாள் எத்தனை மணி நேரம் என்று கேட்டு, அதனால் சம்பளத்தை வகுத்துப் பார்ப்பதும் நியாயத்தின் ஓர் அளவை. எந்தக் கொழுந்து இளசு, எங்கே கிள்ளினால் அடுத்த சுற்றுக்குச் செடி தழைக்கும் என்று அறிந்த கை தேர்ந்த கை. சிலோன் தேயிலையின் பெயர் அந்தக் கையில் தொடங்குகிறது. அதைப் பயிற்சியற்ற உழைப்பு என்று வகைப்படுத்துவது உண்மைக்கு மாறானது.

8. நிறைவாக

மேற்கூறியவற்றிலிருந்து, நல்லதண்ணியில் மட்டுமல்லாமல் எவ்வூரிலும் எத்தொழிலிலும் கைக்கொள்ளத்தக்க ஓர் ஒழுங்கு பெறப்படுகிறது. ஓராண்டு வருமானத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாத வருமானம் காண்பது முதற்படி. அதைத் தம் ஊர்க் கடைவிலையில் தம் குடும்பத்துக்கு வேண்டிய அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய், பாடசாலைச் செலவு, பயணம், மருந்து ஆகியவற்றோடு வைத்துப் பார்ப்பது இரண்டாம்படி. அதே திறனுக்கும் அதே நேரத்துக்கும் எட்டும் தொலைவில் என்ன கிடைக்கிறது என்றும், அங்கே போகத் தடை என்ன என்றும் கேட்பது மூன்றாம்படி. ஐந்தாண்டுக்கு முன் அச்சம்பளம் வாங்கியதை இன்று வாங்குகிறதா என்பது நான்காம்படி. உழைப்பில் விளைந்த பொருள் என்ன விலை போகிறது, அதில் தம் பங்கு எவ்வளவு என்பது ஐந்தாம்படி. கையில் வருவதோடு முதுமைக்கு என்ன சேர்கிறது என்பது ஆறாம்படி. இந்த ஆறு படிகளிலும் தேறும் சம்பளம் நியாயமானது. எந்தப் படியில் அது இடறுகிறதோ அதுவே கோரிக்கை பிறக்கவேண்டிய இடம். ஆயிரம் ரூபாக் கோரிக்கை நிறைவேறிய ஒன்றரை ஆண்டுக்குள் அதன் மதிப்புக் கரைந்ததற்குக் காரணம், கோரிக்கை ஒரு தொகையாக இருந்து, விலைவாசியோடு ஏறும் ஒரு முறையாக இல்லாமற்போனதே.

இதற்கு நிறுவனங்கள் செய்யவேண்டியன மிகுதியல்ல. பேர் விழுந்த நாட்களோடு வேலை கொடுக்கப்பட்ட நாட்களும், கழிக்கப்பட்ட கிலோவும் சம்பளச் சீட்டில் தமிழில் அச்சாக வேண்டும். சம்பள நிர்ணய சபை தன் முடிவோடு, தான் கொண்ட குடும்ப அளவையும் இடவாரியான விலைப்பட்டியலையும் வெளியிட வேண்டும். சிற்றுடைமையாளருக்குள்ளது போன்ற ஏலவிலைச் சூத்திரம் நாட்சம்பளத்துக்கும் வேண்டும். வீட்டுரிமை வேலையிலிருந்து பிரிக்கப்பட்டுக் காணி உறுதியாகக் கைக்கு வரவேண்டும்.

அதுவரை காத்திராமல் தொழிற்சங்கக் கிளைகளும் மலையகப் பாடசாலைகளின் உயர்வகுப்புகளும் தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. செக்றோல் தோட்டத்துக் காரியாலயத்தில் இருக்கிறது. அதற்கு இணையாக வீட்டில் ஒரு கொப்பி இருக்க வேண்டும். பறித்த கிலோ, கழித்த கிலோ, விழுந்த பேர், கடையில் அன்றைய மாவின் விலை ஆகிய நான்கையும் நாள்தோறும் அதில் எழுதுவது பத்தாம் வகுப்புப் பிள்ளையால் இயலும். தோட்டப் பிரிவாகிய ஒரு டிவிசனில் நூறு வீடுகள் ஓராண்டு எழுதினால், சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கம்பனியின் கணக்குக்கு எதிரே வைக்க, தாயின் உழைப்பை அவள் பிள்ளை எழுதிய கணக்கு இருக்கும்.